மார்கழி அடுப்பு

“குளிர் இன்னது என்று உங்கள் ஜில்லாக்காரர்களுக்குத் தெரியுமா, ஐயா?” என்று, டில்லியில் நெடுங்காலம் உத்தியோகம் பார்த்துத் திரும்பிய சிநேகிதர் ஒருவர் நம்மைப் பரிகாசம் செய்தார். அவர் சொல்வதில் நியாயம் இல்லாமற் போகவில்லை. பனிக்கட்டியைப் படத்தில் மாத்திரம் கண்டவர்கள் நாம். வெப்பமானி 20 பாகையை அணுகிவிட்டால் போதும். காதைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு, ‘இந்த வருஷத்துப் பனி போல் எந்த வருஷமும் இல்லை’ என்று திண்ணைதோறும் சபை கூட்டிவிடுகிறோம். ஆனால் கம்பளியும் கணப்பும் உள்ள இடத்துக் குளிர் வேறு. கூரை இடுக்கு வழியாகக் காற்று நுழையும் வீட்டில், ஒரு பழம்புடவையை இரண்டாக மடித்துப் போர்த்திக்கொண்டு மூன்று குழந்தைகள் படுத்திருக்கும் குளிர் வேறு. ‘தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்’ என்று நம் பெரியோர் சொன்னது வெப்பமானியைப் பார்த்துச் சொன்னதன்று. தரையில் படுத்து அறிந்து சொன்னது.

நாம் உபாத்திமைத் தொழில் செய்யும் கிராமம் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடைப்பட்டது. முன்னாளில் இவ்விரண்டும் திருச்சிராப்பள்ளி ஜில்லாவைச் சேர்ந்த தாலுக்காக்கள். 1995-ல் பெரம்பலூர் தனி ஜில்லாவாயிற்று. 2001-ல் அரியலூரைப் பிரித்தார்கள். 2002-ல் மறுபடி சேர்த்தார்கள். 2007-ல் மறுபடியும் பிரித்தார்கள். மார்கழிப் பனி இந்த எல்லைகளை மதிப்பதாகத் தெரியவில்லை. மேற்கே பச்சைமலைச் சரிவில் இறங்கும் மூடுபனி, பெரம்பலூர்க் கரிசற்காட்டுப் பருத்தியையும் நனைத்து, அரியலூர்ச் சிமெண்டு லாரிகளின் விளக்கையும் மங்கச் செய்து, கிழக்கே ஜயங்கொண்டத்து முந்திரிக் காடுகள் வரை சமதர்மமாகப் பரவி நிற்கிறது.

அப்படிப்பட்ட ஒரு காலையில், பிரார்த்தனைக்கு வரிசையாக நின்ற பிள்ளைகள் கைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடுங்குவதைக் கண்டோம். வகுப்புக்குச் சென்றதும், அன்றைக்கு நடத்த வேண்டிய இலக்கணத்தை மூடி வைத்துவிட்டு, “குளிர் நாளில் எங்கள் வீட்டில் உண்பது” என்று கரும்பலகையில் எழுதி, ஆளுக்கு ஒரு பக்கம் வியாசம் எழுதச் சொன்னோம். நேயர்களிடம் உண்மையை ஒளிப்பானேன்? பிள்ளைகளின் அறிவை வளர்ப்பதைக் காட்டிலும், அந்த நேரத்தில் சூடான ஆகாரத்தைப் பற்றி நினைப்பதற்கே நமது மனம் விரும்பிற்று.

வியாசங்களைத் திருத்த உட்கார்ந்தபோது நமக்கே பசி எடுத்தது. பெட்டியில் அடைத்து வரும் நூல் போன்ற கோதுமைப் பண்டத்தை இரண்டு நிமிஷத்தில் கிண்டித் தின்பதாக எழுதியவர்களும் இருந்தார்கள். காலத்தின் கோலம், மறுப்பதற்கில்லை. ஆனால் பாதிப்பேருக்கு மேல் பாட்டி வீட்டையே எழுதியிருந்தார்கள். வரகுச் சோறு, மொச்சைக் குழம்பு, கேழ்வரகுக் களி, கொள்ளு ரசம், சுக்குக் காப்பி என்று அந்தக் காகிதங்களிலிருந்து ஆவி எழும்பிற்று.

இவற்றுள் வரகைப் பற்றியே முதலில் சொல்ல வேண்டும். மழையை நம்பிப் பிழைக்கும் இந்தப் பூமியில், ஆடி ஆவணியில் விதைத்த வரகு நான்கு மாதம் நின்று, குளிர் பிறக்கும் சமயத்தில் களத்துக்கு வரும். துவரையை ஊடே விதைத்து வைப்பார்கள். வரகு அறுத்த பிறகு துவரை நிமிரும். சோற்றுக்கு ஒன்று, குழம்புக்கு மற்றொன்று என்று நிலமே சமையலுக்குத் திட்டம் போட்டுக் கொடுத்தாற்போல் இருக்கும். பஞ்சத்துக்கு அஞ்சாத தானியம் இது. கோபுரக் கலசங்களில் வரகை நிரப்பி வைக்கும் வழக்கம் நமது கோயில்களில் உண்டு என்பதை நேயர்கள் அறிவார்கள். இராஜேந்திர சோழன் கங்கைகொண்ட சோழபுரத்தை எழுப்பியது இந்த மண்ணில்தான். தலைநகரமும் கோயிலும் ஏரியும் கண்ட சீமை. சாம்ராஜ்யம் போயிற்று, புன்செய் வரகு போகாமல் நின்றது.

வரகரிசியைச் சமைப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. இரண்டு மூன்று முறை களைந்து, அரை மணி நேரம் ஊற வைத்து, ஒரு படிக்கு இரண்டரைப் படி நீர் கொதிக்கும்போது போட்டு, நீர் சுண்டியதும் தணலைத் தள்ளிவிட்டு மூடி வைக்க வேண்டியதுதான். அடுப்பின் அடிச்சூட்டிலேயே மலரும். கரண்டியால் அடிக்கடி கிளறுகிறவர்கள் களியைத்தான் காண்பார்கள். சூட்டோடு சூடாக உண்ண வேண்டும் என்று பெரியவர்கள் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. அதை நாம் தெரிந்துகொண்ட விதத்தைப் பின்னால் சொல்கிறோம்.

இதற்கு ஏற்ற துணை மொச்சை. மார்கழியிலும் தையிலும் சந்தைக்கு வரும் பச்சை மொச்சையை உரித்து, இரவில் நீரில் ஊறப் போட்டு, காலையில் ஒவ்வொரு பயற்றையும் இரு விரலிடையே வைத்துப் பிதுக்கினால், தோல் ஒரு பக்கமும் பருப்பு மற்றொரு பக்கமும் துள்ளி விழும். இதற்குப் பிதுக்கம்பருப்பு என்று பெயர். வீட்டில் உள்ள குழந்தைகள் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து, யாருடைய பருப்பு அதிக தூரம் தெறிக்கிறது என்று போட்டியிடுவதும் இந்தச் சமையலில் ஓர் அங்கமாகும். செட்டிகுளம் பக்கத்துச் சின்ன வெங்காயத்தை முழுசாக நல்லெண்ணெயில் வதக்கி, கத்தரிக்காயும் இந்தப் பருப்பும் சேர்த்து, புளியை அளவாகக் கரைத்து ஊற்றிக் கொதிக்க விட்டால், குழம்பு கெட்டிப்படும்போது எழும் வாசனை பக்கத்துத் தெருவுக்கும் போகும். மாமிச போஜனம் உடையவர்கள் இந்தப் பருவத்தில் நாட்டுக் கோழிச் சாற்றையே பெரிதாகச் சொல்வார்கள். கொள்ளிடக் கரையோரத்துப் பிள்ளை ஒருவன், வயல் நண்டை இடித்து மிளகு போட்டு அவன் தாயார் வைக்கும் ரசத்தைப் பற்றி ஒரு பக்கத்துக்குப் பதில் மூன்று பக்கம் எழுதியிருந்தான். எழுத்துப் பிழைகள் நிறைய இருந்தன. திருத்துவதற்கு நமக்கு மனம் வரவில்லை.

கம்பைப் பற்றி ஒரு வார்த்தை. பட்டணத்தில் கம்பங்கூழை வேனிற்காலத்துப் பானம் என்று மாத்திரமே அறிவார்கள். கிராமத்தில் அது இரண்டு பிறவி எடுக்கும். மாலையில் இடித்த கம்பைப் பொங்கி, ஆவி பறக்கும் உருண்டையாகக் கீரைக் கடைசலோடு இரவில் உண்டால் அது கம்பஞ்சோறு. மிகுந்த உருண்டையை நீரில் போட்டு மறுநாள் கரைத்தால் கூழ். பனிக்காலத்துக்கு முதற்பிறவி, வெயிற்காலத்துக்கு இரண்டாம் பிறவி. கேழ்வரகுக் களியும் அப்படியே சூட்டில் உண்பதற்கு உரியது. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு என்று ஆகார ஆராய்ச்சியாளர் கணக்கிட்டிருக்கிறார்கள். தீட்டிய அரிசியில் இதில் முப்பதில் ஒரு பங்கு தேறுவதும் அருமை.

‘இந்தப் பண்டங்கள் தேகத்துக்குச் சூடு தரும்’ என்று வழக்கமாகச் சொல்கிறோமே, அது மெய்யா, வெறும் நம்பிக்கையா என்று நாம் யோசித்ததுண்டு. உண்ட ஆகாரத்தைச் சீரணிப்பதற்கே தேகம் சிறிது உழைக்கிறது. அந்த உழைப்பில் உஷ்ணம் பிறக்கிறது. மாவுச் சத்தில் அடங்கிய சக்தியில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு வரை இப்படி உஷ்ணமாகச் செலவாகிறது. புரதச் சத்திலோ இருபது முதல் முப்பது பங்கு. ஆகவே கொள்ளும் மொச்சையும் துவரையும் குளிருக்கு ஏற்றவை என்று பாட்டிமார் கண்டது பொய்யன்று. கொள்ளை வேக வைத்து, அந்த நீரில் மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு ரசம் வைத்து, வெந்த கொள்ளைத் துவையலாக அரைத்துவிடும் சிக்கனத்தையும் கவனியுங்கள். ஒரு பிடி தானியத்தில் இரண்டு வியஞ்சனம். மிளகைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இன்று நம் சமையலறையை ஆளுகின்ற மிளகாய், அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துகீசியர் வழியாக வந்த விருந்தாளி. அதற்கு முன் நமது நாவுக்குக் காரம் தந்தது மிளகே. வந்தவனுக்கும் அதன் பெயரையே வைத்து ‘மிளகாய்’ என்று அழைத்துவிட்டோம்.

நிற்க. வரகின் பெருமையை இவ்வளவு பேசிய நாம், அது ஏன் நம் அடுக்களையை விட்டுப் போயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். நெல்லுக்கு உமி ஒன்று. வரகின் உமியோ கல்லைப் போல் இறுகி, அடுக்கடுக்காக அரிசியைப் பற்றிக்கொண்டிருக்கும். திரிகையில் இட்டு அரைத்து, உரலில் போட்டுக் குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடியும் குத்தி, மறுபடியும் புடைத்தால்தான் அரிசி வெளிப்படும். இதையெல்லாம் செய்தவர்கள் யார்? விடியற்காலம் நான்கு மணிக்கு எழுந்து, பனி சொட்டும் முற்றத்தில் உலக்கை பிடித்தவர்கள் நமது தாய்மார்களும் பாட்டிமார்களும்தான். உலக்கைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போர்வைக்குள் சுருண்டு கிடந்த சுகத்தை நாம் இன்னும் மறக்கவில்லை. அந்தச் சுகத்துக்கு வெளியே ஒருவர் நின்றுகொண்டிருந்தார் என்பது அந்த வயதில் உறைக்கவில்லை.

1934-ல் மகாத்மா காந்தி வார்தாவில் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தைத் தோற்றுவித்தபோது, அதை நடத்தும் பொறுப்பை ஏற்றவர் நம் தஞ்சாவூரில் பிறந்த ஸ்ரீ ஜே. ஸி. குமரப்பா. தீட்டிய அரிசியை விட்டுக் கைக்குத்தலரிசியை உண்ணுங்கள் என்று அவர்கள் செய்த பிரசாரம் தேசமெங்கும் பரவிற்று. தவிட்டோடு சத்தையும் எறிந்துவிடுகிறோம் என்று அவர்கள் சொன்னது அன்றும் உண்மை, இன்றும் உண்மை. கிராமத்தில் அந்த வேலைக்குக் கூலி கிடைக்க வேண்டும் என்றும் அவர்கள் கருதினார்கள். ஆனால் வீட்டு முற்றத்தில் குத்துகிறவளுக்கு யார் கூலி கொடுத்தார்கள்? கைக்குத்தலரிசியின் மேன்மையைக் கூட்டங்களில் பேசிவிட்டு வீடு திரும்பிய புருஷர்களில் எத்தனை பேர் உலக்கையைத் தொட்டார்கள் என்று கேட்டால், தேசபக்தியில் நமக்குக் குறைவு உண்டென்று யாரும் எண்ண வேண்டாம்.

அரிசி எளிதாகக் கிடைத்த நாளில் இந்தத் தாய்மார்கள் உலக்கையைச் சாத்திவிட்டு நிமிர்ந்து நின்றார்கள். அது குற்றமா? 1966-க்குப் பிறகு புதிய நெல் வகைகள் விளைச்சலைப் பெருக்கின. ரேஷன் கடைகள் ஊர்தோறும் வந்தன. 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி விலையின்றிக் கொடுக்கப்படலாயிற்று. இதனால் பசித்த வயிறுகள் நிறைந்தன என்பதை மறப்பது பாவம். இன்று பெரம்பலூர்ச் சாலையில் பிரயாணம் செய்தால், கண்ணுக்கெட்டிய தூரம் மக்காச்சோளமும் பருத்தியுமே தென்படுகின்றன. அந்தச் சோளம் நமது அடுக்களைக்கு வருவதாக எண்ணிவிடாதீர்கள். அது பெரும்பாலும் கோழித் தீவனமாகப் போகிறது. வரகு விளைந்த காட்டில் இப்பொழுது நாமக்கல் பக்கத்துக் கோழிகளுக்கு ஆகாரம் விளைகிறது.

இதற்கிடையில் உலகம் வரகின் பக்கம் திரும்பிப் பார்த்திருக்கிறது. நமது தேசத்தின் யோசனையை ஏற்று, ஐக்கிய நாடுகள் சபை 2023-ஆம் வருஷத்தைச் சிறுதானிய வருஷமாகக் கொண்டாடிற்று. டில்லி சர்க்கார் இவற்றுக்கு ‘ஸ்ரீ அன்னம்’ என்று பட்டப்பெயரும் சூட்டிற்று. ஏழையின் சோறு என்று எள்ளப்பட்ட வரகு, பட்டணத்துக் கடைகளில் கண்ணாடி போன்ற பையில் அமர்ந்து, நல்ல அரிசியைக் காட்டிலும் அதிக விலை சொல்கிறது. யந்திரங்கள் வந்துவிட்டபடியால் உமியை நீக்க உலக்கை வேண்டியதில்லை. இது நல்ல காரியம். வரகு திரும்பி வரட்டும்; உலக்கை திரும்பி வர வேண்டாம் என்பதே நமது கட்சி.

வரகு வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுவோம். அறுவடைச் சமயத்தில் மழையில் நனைந்து, சரியாக உலராமல் குவித்து வைத்த வரகில் ஒருவகைப் பூஞ்சணம் பிடித்து விஷமாகிவிடும். அதை உண்டால் தலை சுற்றும், வாந்தி வரும், கைகால் நடுங்கும். மூத்த குடியானவர்கள் இதை நன்றாக அறிவார்கள். 2024 அக்டோபர் மாதக் கடைசியில் மத்தியப் பிரதேசத்துப் பாந்தவகட வனத்தில் 10 யானைகள் மாண்டபோது, அவை மேய்ந்த வரகில் இத்தகைய விஷம் இருந்ததே காரணம் என்று சோதனையில் கண்டார்கள். ஆகையால் பூசண வாடை வீசும் வரகை விலை குறைவென்று வாங்காதீர்கள். காய்ந்த வரகை வாங்கி, மறுபடியும் ஒரு வெயில் காட்டி, ஈரம் படாத பாத்திரத்தில் வைத்துக்கொள்வது உசிதம்.

இனி அந்த வியாசங்களுக்குத் திரும்புவோம். கடைசியாகத் திருத்திய காகிதம் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுதியது. எழுத்து முத்து முத்தாக இருந்தது. வரகுச் சோற்றையும் பிதுக்கம்பருப்புக் குழம்பையும் அவள் வருணித்திருந்த அழகுக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். தாத்தாவுக்கு முதலில் போடுவார்கள், பிறகு அப்பாவுக்கு, பிறகு தம்பிக்கும் தனக்கும் என்று எழுதிக்கொண்டு வந்தவள், இப்படி முடித்திருந்தாள்: “அம்மா எப்பொழுது சாப்பிடுவார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்ததில்லை.”

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. ‘எங்கள் வீட்டில் ஒரு வேப்பமரம் இருக்கிறது’ என்று எழுதுவது போலவே எழுதியிருந்தாள். சிவப்பு மசிப் பேனாவைக் கையில் பிடித்தபடி நாம் சிறிது நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். நமது தாயார் சாப்பிடுவதை நாம் பார்த்திருக்கிறோமா என்று யோசித்துப் பார்த்தோம். அடுப்பின் எதிரே, பருத்திமார்ப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு அவர் உட்கார்ந்திருக்கும் தோற்றம் நினைவுக்கு வந்தது. ஊதுகுழலை வாயில் வைத்திருக்கும் தோற்றம் வந்தது. கையில் கவளத்தோடு இருக்கும் தோற்றம் மாத்திரம் எவ்வளவு முயன்றும் வரவில்லை.

இது ஏதோ ஒரு வீட்டுச் சமாசாரம் அன்று. நமது தேசத்து ஜனங்கள் ஒரு நாளின் இருபத்துநான்கு மணியை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று மத்திய சர்க்கார் 2019-ல் கணக்கெடுத்தது. வீட்டு வேலையில் ஈடுபடும் ஸ்திரீகள் நாளொன்றுக்கு 299 நிமிஷமும், ஈடுபடும் புருஷர்கள் 97 நிமிஷமும் அதில் செலவிட்டார்களாம். 2024-ல் மறுபடியும் கணக்கெடுத்தார்கள். ஸ்திரீகளின் வேலை 289 நிமிஷமாகக் குறைந்திருந்தது. புருஷர்களும் பின்வாங்கவில்லை, தங்கள் பங்கை 88 நிமிஷமாகக் குறைத்துக்கொண்டார்கள். வீட்டு வேலையைத் தொடவே தொடாத புருஷர்கள் இந்தச் சராசரியில் சேரவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

அடுப்பும் உரலும் மாறியிருக்கின்றன என்பது மெய். 2016-ல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தினாலும், அதற்கு முன்பே நமது மாகாண சர்க்கார் கொடுத்த காஸ் அடுப்பினாலும், பருத்திமாரும் துவரைமாரும் புகையும் அடுக்களைகள் குறைந்திருக்கின்றன. பள்ளிப் பிள்ளைகளின் பசியையும் நமது நாடு வெகு காலமாகக் கவனித்து வருகிறது. 1956-ல் காமராஜர் ஏற்படுத்திய மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு, 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கிய காலை உணவு என்று வரிசையாகச் சொல்லலாம். முதலில் 1,545 பள்ளிகளில் ஆரம்பித்த காலை உணவு, 2023 ஆகஸ்டில் 31,008 பள்ளிகளுக்குப் பரவிற்று. பனி நாளில், ஆரம்ப வகுப்புக் குழந்தைகள் தட்டில் ஆவி பறக்கும் பொங்கலையோ கிச்சடியையோ வைத்துக்கொண்டு, உள்ளங்கைகளைத் தட்டின் அடியில் கொடுத்துச் சூடு பிடித்துக்கொள்வதைக் காண்பது நமக்கு ஒவ்வொரு நாளும் ஆனந்தமாக இருக்கிறது. சமைப்பவர்கள் அந்தந்த ஊர் மகளிர் சுய உதவிக் குழுவினர். இருட்டோடு எழுந்து வருகிறார்கள். அவர்களில் ஒருவரை, “நீங்கள் எப்பொழுது சாப்பிடுவீர்கள், அம்மா?” என்று கேட்டோம். “புள்ளைங்க எல்லாம் கிளாசுக்குப் போனப்பறம், வீட்டுக்குப் போயி அங்க ஆக்கி வச்சிட்டு, அப்பறந்தான் சார்” என்றார். அவருக்கு அடுப்புகள் இரண்டு, பசி ஒன்றுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நமது வீட்டில் ஒரு சீர்திருத்தம் செய்வதென்று நிச்சயித்தோம். பட்டதாரியும் உபாத்தியாயருமான நாம், வரகுச் சோறும் பிதுக்கம்பருப்புக் குழம்பும் நமது கையாலேயே சமைத்து, வீட்டம்மாளை முதலில் உட்கார வைத்துப் பரிமாறுவதென்று பிரகடனம் செய்தோம். “என்னங்க, உடம்புக்கு ஏதாவது?” என்று அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். நமது புத்திரன், தான் மொச்சை பிதுக்குவதாக முன்வந்தான். பாதிப் பருப்பு அலமாரியின் அடியில் போயிற்று. புளி எங்கே இருக்கிறது, கடுகு எந்த டப்பாவில் இருக்கிறது என்று நாம் பதினைந்து தரம் கூவினோம். அந்தப் பதினைந்து தரமும் அவர் எழுந்து வந்து எடுத்துக் கொடுத்தார். ஆகவே அவர் ஓய்வாக இருந்தார் என்று சொல்ல நமக்கு நாக்கூசுகிறது. பத்து மணிக்கு முடிய வேண்டிய சமையல் பன்னிரண்டரைக்கு முடிந்தது.

இலை போட்டு உட்கார வைத்தோம். வழக்கமில்லாத காரியமாகையால் அவருக்குக் கூச்சமாக இருந்தது. நடுவில் இரண்டு முறை, “அடுப்பு எரியுதே, சிம்ல வைக்கணும்” என்று எழுந்திருக்கப் பார்த்தார். தோளைப் பிடித்து உட்கார வைத்தோம். மலர்ந்த சோற்றின் மேல் குழம்பை ஊற்றியதும் ஆவி அவர் முகத்தில் அடித்தது. ஒரு கவளம் உண்டு, “உப்பு கொஞ்சம் கம்மி” என்றார். இன்னொரு கவளம் உண்டார். அப்புறம் ஒன்றும் சொல்லாமல் இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொண்டார். புத்திரனும் அவரோடு உட்கார்ந்து உண்டான். அவனுக்கு மூன்று தரம் போட்டோம்; அப்பளம் பொரித்தோம்; அண்டை வீட்டுக் குழந்தை வந்தது, அதற்கும் ஒரு கிண்ணம் கொடுத்தோம்; சிதறிய மொச்சைத் தோலைப் பெருக்கினோம். பிறகு நாம் உட்கார்ந்தபோது மணி இரண்டு.

சூட்டில் பஞ்சு போல் இருந்த வரகுச் சோறு, ஆறினால் இறுகி, வாயில் மணலைப் போல் உருளும் என்பது நமக்கு நாற்பத்தாறாம் வயதில்தான் தெரிய வந்தது.